இங்கிட்டுன்னா எங்கிட்டு?

பேச்சுப் போட்டி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், எங்கள் கல்லூரியில் யார் யார் பெயர் கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்திலேயே கோப்பை வாங்கிப் பழகியவர்கள். எந்த வரியில் கையை உயர்த்துவது, எங்கே குரலை இறக்குவது, மணி அடித்ததும் எப்படி ‘நன்றி கூறி விடைபெறுகிறேன்’ என்று தாவுவது எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. நன்றாகவே பேசுவார்கள், அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மீதி வகுப்பு இருக்கிறதே, கைதட்டுவதற்கென்றே உட்காரவைத்த கூட்டம், அதுதான் கவலை. மூன்று வருடம் படித்து முடித்துப் போகும்வரை நாலு பேர் முன்னால் நின்று ஐந்து வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசாமலே போய்விடுகிறார்கள். பிறகு வேலைக்குப் போன இடத்தில் ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்டால் பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், அவ்வளவுதான். அதற்கு மேல் வாய் வராது.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். பாதிப் பேர் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இவர்கள்தான். இவர்களிடம் ‘எழுந்து வந்து பேசு’ என்றால் தரையைப் பார்ப்பார்கள். ஆனால் வகுப்பு முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்தால் அதே பிள்ளைகள் ஊர்க் கொடையில் நடந்த சண்டையை அரை மணி நேரம் சொல்லுவார்கள். யார் எந்தக் குரலில் கத்தினார், எந்தப் பெரியவர் இடையில் விழுந்து விலக்கினார் என்று ஆள் மாறி ஆள் நடித்தே காட்டுவார்கள். பேச்சு அவர்களிடம் தாராளமாக இருக்கிறது, மேடை என்ற ஒன்றைக் கண்டால்தான் எங்கோ ஒளிந்துகொள்கிறது. படிக்கட்டுப் பேச்சை அப்படியே பிடிக்க ஏதாவது வழி உண்டா என்று தேடியபோதுதான் பாட்காஸ்ட் ஞாபகம் வந்தது.

2004இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள் 90.4 பண்பலையைத் தொடங்கியபோது அது பெரிய செய்தி. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. அப்படி ஒன்று நடத்த உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும், பஞ்சு ஒட்டிய அறை வேண்டும். எங்களைப் போன்ற கல்லூரிக்கு அது கனவு. இப்போது பையன் சட்டைப் பையில் இருக்கும் கைபேசியே போதும். பதிவு செய்வதும் அதில்தான், கேட்பதும் அதில்தான்.

முதல் பயிற்சிக்கு எழுதிவைத்து வாசிக்கக் கூடாது. ஒரு நிமிடம்தான். பேருந்து நிலையத்தில் இறங்கி உன் வீட்டுக்கு எப்படி வருவது என்று உன் வீட்டுக்கு இதுவரை வராத ஒரு நண்பனுக்குச் சொல்லு. கேட்க எளிதாக இருக்கும். பதிவைப் போட்டுக் கேட்டால் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வரும். ‘இங்கிட்டுத் திரும்பி, அங்கிட்டு ஒரு கடை இருக்கும்லா, அதுக்கு இங்கிட்டு...’ இங்கிட்டுன்னா எங்கிட்டு? நேரில் சொல்லும்போது கை காட்டிவிடும். ஒலியில் கை கிடையாது. இடப்பக்கமா வலப்பக்கமா, கடைக்குப் பெயர் என்ன, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று வாயால்தான் சொல்லியாக வேண்டும். கேட்பவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசிக்காமல் இந்த ஒரு நிமிடத்தைக் கடக்கவே முடியாது. மேடைப் பேச்சுக்கு இதைவிட நல்ல அரிச்சுவடி எனக்குத் தெரிந்து இல்லை. வள்ளுவர்கூட அவையறிதலை 72ஆம் அதிகாரமாக வைத்துவிட்டுத்தான் அவை அஞ்சாமைக்கு வருகிறார். நாம்தான் பிள்ளைகளிடம் எடுத்த எடுப்பில் ‘பயப்படாதே’ என்கிறோம்.

அடுத்து ஒரு தடங்கல் வரும். தன் குரலைத் தானே கேட்டதும் முகம் சுளித்து, ‘இது என் குரலே இல்ல மேடம்’ என்பார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு வழி வருவதில் கனத்த ஒலி கூடுதல். பதிவில் அந்தக் கனம் காணாமல் போவதால் குரல் மெலிந்து கீச்சென்று கேட்கிறது. இதைச் சொன்னால் பாதி ஆறுதல் கிடைக்கும். மறு பாதி அவ்வளவு சுலபம் இல்லை. ஹோல்ஸ்மன், ரூசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1966இல் இதைப் பற்றி எழுதினார்கள். சுருதி மாறிக் கேட்பது மட்டும் காரணம் இல்லை, நாம் காட்ட நினைக்காத தயக்கமும் பதற்றமும் அந்தக் குரலில் நமக்கே கேட்டுவிடுகிறது, அதுதான் உறுத்துகிறது என்றார்கள். என் மாணவர்களைப் பார்த்தால் அது சரி என்றே படுகிறது. அந்த உறுத்தலை நான் ஆற்ற முயல்வதில்லை. ‘பிடிக்கலையா? மறுபடி பேசு’ என்று விட்டுவிடுகிறேன்.

இந்த ‘மறுபடி பேசு’வில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. வெட்டி ஒட்டக் கூடாது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் பதிவாக வேண்டும் என்பது என் விதி. ஒரு வாக்கியம் உளறினால் அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டி மாற்றினால் பையன் எடிட்டிங் கற்றுக்கொள்வான், பேசக் கற்றுக்கொள்ள மாட்டான். முழுவதையும் திரும்பப் பேச வேண்டியிருப்பதால், சொல்லாமலே ஒத்திகை நடக்கிறது. மேடைப் பேச்சுக்கு நாலு முறை ஒத்திகை பார் என்று நான் கெஞ்சியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள். தன் பதிவு தனக்கே பிடிக்கவில்லை என்பதால் ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். அடுத்த வீட்டு அம்மா ‘யாரு கூடடா இவ்வளவு நேரம் போன்ல பேசுத’ என்று கேட்டதாக ஒருவன் சொன்னான்.

பேசிப் பேசித் திருத்தும்போது முதலில் உதிர்வது இட்டுநிரப்பல்கள். ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலி’, ‘சோ’. எல்லாவற்றுக்கும் ராஜா ‘பாத்தீங்கன்னா’. கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத ஊடகத்தில் நிமிடத்துக்கு நாலு தடவை ‘இப்ப பாத்தீங்கன்னா’ வரும்! நான் திருத்துவதில்லை. எத்தனை முறை வருகிறது என்று அவர்களையே விரல்விட்டு எண்ணச் சொல்வேன். எண்ணியவன் அடுத்த முறை அந்தச் சொல் வாய்க்கு வரும்போதே உஷாராகிவிடுவான். அந்த இடத்தில் என்ன சொல்வது என்று கேட்டால், ஒன்றும் சொல்லாதே, வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி இரு என்பேன். அந்த ஒரு நொடி மௌனம் பேசுபவனுக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும். பதிவில் கேட்கும்போதுதான் அது ஒன்றுமே இல்லை, இன்னும் சொன்னால் நன்றாகவே இருக்கிறது என்று தெரியும். இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். நான் ஆயிரம் முறை சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பெரிய சிக்கல் இனிமேல்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் எல்லோருக்கும் வேறு ஒரு குரல் வந்துவிடுகிறது. பேச்சுப் போட்டிக்காரப் பிள்ளைகள் பந்தலின் கடைசி வரிசையைப் பார்த்து முழங்குவார்கள். மற்றவர்கள் செய்தி வாசிப்பாளர் ஆகிவிடுவார்கள். இரண்டையும் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்க முடியாது. முழங்குவது காதுக்குள் வந்து சண்டை போடுகிற மாதிரி இருக்கும், வாசிப்பது தூக்கம் வரவைக்கும்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. பிபிசி தொடங்கிய காலத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஒலிவாங்கி முன் வந்து பொதுக்கூட்டத்தில் பேசுவது போலவே பேசியிருக்கிறார்கள். 1927இல் அங்கே உரைகள் பிரிவின் முதல் இயக்குநராக வந்த ஹில்டா மாதசன் என்ற பெண்மணிதான் இதை மாற்றினார். கேட்பது கூட்டம் இல்லை, வீட்டில் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ உட்கார்ந்திருப்பவர்கள், அவர்களோடு பேசுவது போலப் பேசுங்கள் என்பது அவர் பிடிவாதம். அமைச்சராக இருந்தாலும் பேராசிரியராக இருந்தாலும் ஒத்திகைக்கு உட்காரவைத்தார். அவரிடம் வேலை பழகிய லயனல் ஃபீல்டன்தான் 1935இல் இந்தியாவுக்கு ஒலிபரப்புத் துறையின் தலைவராக வந்தார். அடுத்த ஆண்டு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் வந்தது அவர் காலத்தில். 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கின. இப்படிப் பக்கத்தில் இருந்து பேசும் பேச்சுக்கு எங்கள் தெற்குச் சீமைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இலங்கை வானொலி. கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் கடல் தாண்டிப் பேசினாலும் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் இருக்கும். என் மாணவர்களின் தாத்தாக்களைக் கேட்டால் இன்றைக்கும் அந்தக் குரல்களைப் பேசிக் காட்டுவார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டு வரச் சொல்கிறேன், அதுவே ஒரு வீட்டுப்பாடம்.

ஆகவே என் இரண்டாவது விதி: ஒரு ஆளைத் தேர்ந்தெடு. உண்மையான ஆள், பெயர் உள்ள ஆள். தங்கச்சி, அத்தை, விடுதி வார்டன், யாராக இருந்தாலும் சரி. இந்த முறை பதிவு நாலு நிமிடம், அந்த நாலு நிமிடமும் அவரிடம் மட்டும் பேசு. ‘அவையோருக்கு வணக்கம்’ வேண்டாம், ‘நடுவர் அவர்களே’ வேண்டாம். அவர் எங்கே குறுக்கே கேட்பார், எங்கே ‘ம்’ போடுவார், எங்கே நம்பமாட்டார் என்று உனக்குத் தெரியும். அதற்குத் தகுந்தபடி பேசு. விடுதியில் ஞாயிற்றுக்கிழமை வெளியே விட வேண்டும் என்று வார்டனிடம் பேசிய பதிவு ஒன்று இருக்கிறது. வாதம் என்றால் அதுதான் வாதம். பட்டிமன்றத்தில் ‘எதிரணியினர்’ என்று கற்பனை எதிரியை அடிப்பதைவிட, உண்மையில் மறுக்கக்கூடிய ஒருவரை நினைத்துப் பேசும்போது வாதம் கூர்மையாகிறது.

ஆள் நெருக்கமாக வந்ததும் மொழியும் இறங்கி வருகிறது. இங்கே என் துறை நண்பர்கள் சிலரோடு எனக்குச் சண்டை. தமிழ் வகுப்பில் ‘அவுக சொன்னாக’ என்று பதிவு செய்ய விடலாமா என்கிறார்கள். இடைசெவல் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். கி. ராஜநாராயணன் பிறந்த ஊர். கரிசல் பேச்சை எழுத்தில் ஏற்றி, அந்தச் சொற்களுக்கென்று ஒரு அகராதியும் தொகுத்தவர் அவர். கல்லூரிப் படிப்பு இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியராக உட்காரவைத்தது. அவர் ஊர்ப் பிள்ளை தன் அம்மாவிடம் பேசும்போது சென்னைச் செய்தியறைத் தமிழ் பேச வேண்டும் என்றால் எனக்கு ஒப்பவில்லை. ழகரமும் ளகரமும் தெளிவாக விழ வேண்டும், அதில் நான் கறார். மற்றபடி பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். மேடைக்குப் போகும்போது எவ்வளவு நிமிர்த்திப் பேசுவது என்பதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

பேச என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். பேச்சுப் போட்டித் தலைப்புகள் பெரும்பாலும் இளைஞர் எதிர்காலம், நெகிழி ஒழிப்பு, தாய்மொழியின் சிறப்பு. இவற்றைப் பற்றிப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கும்? அதனால்தான் அப்பா எழுதித் தருகிறார், இல்லையென்றால் தமிழ் ஐயா எழுதித் தருகிறார். சாட்ஜிபிடி வந்து மாணவர்களைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அடுத்தவர் எழுதியதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கு நாம் பல தலைமுறையாகக் கோப்பை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பாட்காஸ்டில் வேறு வழி இருக்கிறது. வீட்டில் ஒருவரைப் பேட்டி எடு, பிறகு அதிலிருந்து உன் நாலு நிமிடத்தைப் பேசு. ஒரு மாணவி தன் அம்மாவைப் பிடித்தாள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது, பதினான்கு வருடத்துக்குப் பிறகு நடந்த விலையேற்றம். செய்தித்தாளில் எல்லோரும் படித்ததுதான். இந்தப் பெண் அந்தச் செய்தியில் தொடங்கி அம்மாவிடம் கேட்டாள்: ‘பெட்டிக்கு ரெண்டு ரூவா ஆச்சு, உனக்கு என்ன ஆச்சு?’ அம்மா சிரித்துவிட்டுச் சொன்ன பதிலைச் சுற்றி அவள் நாலு நிமிடம் பேசினாள். குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. வகுப்பில் முணுமுணுப்பு இல்லை. பலர் வீட்டிலும் அதே வேலைதான், ஆனால் இது ஒரு ‘தலைப்பு’ என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

அமெரிக்காவில் என்.பி.ஆர். வானொலி மாணவர்களுக்கென்று பாட்காஸ்ட் போட்டி நடத்துகிறது. 2019இல் நடந்த முதல் போட்டியில் பரிசு வாங்கிய இரண்டு பதிவுகளை வகுப்பில் சொல்வது உண்டு. ஒன்று நியூயார்க் பிராங்ஸ் பகுதி நடுநிலைப் பள்ளிப் பெண்கள் செய்தது. மாதவிடாயைப் பற்றி ஏன் எல்லோரும் கிசுகிசுக்கிறீர்கள் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் நிகழ்ச்சி. இன்னொன்று டென்னசி மாநிலத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுடையது. பக்கத்து ஊரான எர்வினில் 1916இல் மேரி என்ற சர்க்கஸ் யானையைத் தூக்கில் போட்ட கதை, அந்தக் கெட்ட பெயரைக் கழுவ அந்த ஊர் இப்போது படும் பாடு. இரண்டுமே மேடையில் ஏறி மாலை போட்ட விருந்தினர் முன் பேச நம் ஊரில் கூச்சப்படுகிற விஷயங்கள். தலைப்பு கொடுத்திருந்தால் வந்திருக்காது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மின்விசிறியை நிறுத்து. கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடு, இல்லாவிட்டால் நடுவில் மாமா கூப்பிடுவார். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடி, பகரம் வெடிக்காது. வெறும் சுவர் எதிரொலிக்கும், துணி தொங்கும் கொடி பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பு. பின்னணியில் இளையராஜா இசை வேண்டாம், உரிமை பற்றித் தனி வகுப்பே எடுக்க வேண்டிவரும். குக்கர் விசில் வந்தால் வரட்டும்.

எதையும் பொதுவெளியில் ஏற்றுவதில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் குழந்தைதான், பெற்றோர் ஒப்புதல் வேண்டும். முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் உண்டு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், மகள் படம் இணையத்தில் வரக் கூடாது என்று நினைக்கும் வீடுகள் இங்கே நிறைய. முகம் இல்லை, குரல் மட்டும், அதுவும் வகுப்புக்குள் மட்டும் என்றால் அந்த வீடுகள் யோசித்துச் சம்மதிக்கின்றன. ‘வீடியோவா மேடம்’ என்ற முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்ல முடிவது பாட்காஸ்டின் பெரிய சௌகரியம்.

இதெல்லாம் சரி, மேடைக்கு இது எந்த அளவு உதவும்? பாதிதான் உதவும் என்று நேராகவே சொல்கிறேன். கண்ணை எங்கே வைப்பது, கையை என்ன செய்வது, கூட்டம் சிரித்தால் எவ்வளவு நேரம் நிற்பது, இதெல்லாம் கைபேசி கற்றுத் தராது. புதிதாக ஒரு கெட்ட பழக்கம்கூட வந்துசேர்கிறது. நேரில் பேசும்போது ஒரு சொல் தடுக்கினால் உடனே ‘சாரி’ என்று நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், ரீடேக் பழக்கம்! அதற்காகவே கடைசிப் பதிவு ஒன்று வைத்திருக்கிறேன். தும்மினாலும் நாய் குரைத்தாலும் சொல் மறந்தாலும் நிறுத்தக் கூடாது, ஒரே ஒரு முறைதான் அனுமதி. அதன்பிறகு, அதே நாலு நிமிடத்தைத் தாள் இல்லாமல் வகுப்பின் முன் பேச வேண்டும். முதல் தடவை கேட்பவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். பேசுபவனுக்குக் கைபேசியிடம் பேசுவது போலத்தான் இருக்கும். அடுத்த தடவை திரும்பி உட்காருவார்கள். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு முறை பேசித் தேய்ந்த பேச்சு என்பதால் அடுத்த வரி என்ன என்ற பயம் இல்லை. மிச்சம் இருப்பது கண்களைப் பார்க்கிற பயம் மட்டும். அது எல்லோருக்கும் போய்விடுவதில்லை. சிலருக்கு முதுகு காட்டிய கூட்டம்வரைதான். அவர்களை நான் அதற்கு மேல் தள்ளுவதில்லை.

நேரம்தான் பெரும்பாடு. அறுபது பேர் வகுப்பில் ஆளுக்கு நாலு நிமிடம் என்றால் 240 நிமிடம். ஒரு சுற்றைக் கேட்டு முடிக்கவே நாலு மணி நேரம். இரண்டு வகுப்பு இருந்தால் என் காது தாங்காது. அதனால் மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டேன். ஒருவர் பதிவை மற்ற இருவர் முழுவதும் கேட்க வேண்டும். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினால் சுழியம். எந்த நிமிடம் எந்த நொடியில் கவனம் கழன்றது, ஏன் என்று எழுத வேண்டும். நான் சிலவற்றை மட்டும் எடுத்துக் கேட்கிறேன், குறிப்புகளை எல்லாம் படிக்கிறேன். அகமதிப்பீட்டில் என் கையில் இருக்கும் பத்து மதிப்பெண்ணைப் பேசியதற்கு இல்லாமல், கேட்டு எழுதிய குறிப்புக்கே கொடுக்கிறேன். துறைத்தலைவருக்கு இதில் இன்னும் திருப்தி இல்லை, பேச்சுக்குத்தானே மார்க் போடணும் என்கிறார். போன பருவத்தில் ஒரு பையன் தன் கூட்டாளியின் பதிவுக்கு எழுதிய குறிப்பை அவரிடம் காட்டினேன்: ‘1.40 வரைக்கும் சரியா இருக்குலே. அதுக்கப்புறம் நீ என்கிட்ட பேசல, மேடம்கிட்ட பேசுத.’ போய் அந்தப் பதிவைக் கேட்டேன். சரியாக 1.40இல் ‘மேலும்’ என்று ஆரம்பித்திருந்தான். குறிப்பு எழுதியவனுக்குப் பத்துக்குப் பத்து.